சென்ட்டுக்கு நின்ற பஸ்

"இந்த சென்ட்டப் போட்டுக்கினு ஏறினா, ஓடற பஸ்ஸே நின்னுடும்!" என்றார் ரிட்டையர்டு சர்வேயர் அருணகிரி. மகள் ஆசையாக வாங்கித் தந்த பாட்டிலில் பாதி, அவர் காலரில் இறங்கியிருந்தது.

"எலுமிச்சம்பழத்த மரப்பெட்டியில போட்டு மறந்துட்ட மாதிரி இருக்குது. இதுக்கு ஈகூட நிக்காது," என்றாள் மனைவி கன்னியம்மாள். "பஸ்ஸு நிக்கலன்னா பாட்டில் என் தம்பிக்கு. சரியா?"

"சரி!"

போளூர் கல்யாணத்துக்குப் போக இருவரும் ஏறிய பஸ், ஜவ்வாது மலையை விட்டு வளைந்து வளைந்து இறங்கியது. ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கன்னியம்மாள் கையை நீட்டினாள். அருணகிரி அழாத குறையாக பாட்டிலை எடுத்தார்.

"வண்டிய நிறுத்துப்பா!"

பின்சீட்டில் இருந்த வனக்காவலர் எழுந்து நின்றார். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"யாரும் எறங்காதீங்க. எவனோ சந்தனக்கட்டை கடத்தறான். வாசனை தூக்குது!"

புளி மூட்டை, சாமை மூட்டை எல்லாவற்றையும் முகர்ந்துகொண்டே வந்தவர், அருணகிரியின் காலரருகே சொக்கி நின்றுவிட்டார்.

"இன்னா சார், நீங்கதானா? எந்தக் கடையில வாங்கினீங்க?"

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. கன்னியம்மாள் நீட்டிய கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"ஒத்துக்கறேன் சாமி, பஸ்ஸு நின்னுச்சு!"