இரண்டு பதில்கள்

இணைவு உலைக்குள் சுழலும் பிளாஸ்மா கொந்தளித்துச் சுவரில் மோதப்போகிறது என்று திரை எச்சரித்ததும், வசுந்தரா பொத்தானை அழுத்தி உலையை அணைத்துவிட்டாள். ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

மறுநாள் அதிகாரி பெஞ்சமின் உட்சுவரின் படத்தைக் காட்டினார். "ஒரு கீறல்கூட இல்லையேம்மா. எதுக்கு அணைச்சீங்க?"

"அணைச்சதாலதான் சார் கீறல் இல்லை."

"அதை எப்படி நம்புறது?"

அது அவளுக்கே தெரியவில்லை. போன வருஷம் அணைக்காமல் விட்டுச் சுவர் உருகியபோதும் விளக்கம் கேட்டு மெமோ, இப்போது அணைத்ததற்கும் மெமோ.

இன்று மதியம் திரை மறுபடி எச்சரித்தது. 'ஏன் அணைத்தேன்', 'ஏன் அணைக்கவில்லை' என்று இரண்டு பதில்களையும் எழுதி, கையெழுத்தும் போட்டுத் தயாராக வைத்திருந்தாள் வசுந்தரா. ஒரு கை பொத்தான்மேல், மறு கையில் பேனா.

எதில் தேதி போடுவது என்றுதான் புரியவில்லை.