செத்த காலேஜில் அஞ்சுகம்

"ஏம்மா, மார்க்கெட் அந்தப் பக்கம். இங்கே உங்களுக்கு என்ன வேலை?"

காரிலிருந்து இறங்கிய கோட்டுக்காரர் இப்படிக் கேட்டதும், பூவாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அண்ணி அஞ்சுகத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அஞ்சுகம் ஒளிகிற ரகம் இல்லை. காரைக்கால் பட்டினச்சேரியிலிருந்து மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாகூருக்கு நடந்தே போய் விற்றவள். எல்லைச் சாவடியில் காக்கிச் சட்டைகளோடு தினம் ஒரு சண்டை போட்டவள். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் சாவடியை எடுத்துவிட்டார்கள். சாவடி போனாலும் வாய் போகவில்லை.

"பார்க்கிற வேலைதாங்க. செத்த காலேஜ் பார்க்க வந்திருக்கோம்."

சென்னைப் பட்டணத்து மியூசியத்துக்கு ஜனங்கள் வைத்த பேர் அது.

"பார்த்து என்ன புரியப் போகுது உங்களுக்கு?" என்றார் அவர். பிறகு வாசல்காரரிடம் திரும்பி, "இவங்களையெல்லாமா உள்ளே விடறது?" என்று கேட்டார்.

"எல்லாரும் போகலாம் சார். டிக்கெட் கிடையாது."

"சும்மான்னா இப்படித்தான். கண்டதும் வரும்."

அஞ்சுகத்துக்குச் சுருக்கென்றது. இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, நாங்க சும்மா வர்றோம், சரி. நீங்க மட்டும் காசு குடுத்தா உள்ள போறீங்க?"

வாசலில் நின்றிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அஞ்சுகம் விடவில்லை. தெருமுனை வரை கேட்கிற குரலில் சொன்னாள்:

"வெள்ளைக்காரனும் போயிட்டான், பிரெஞ்சுக்காரனும் போயிட்டான். இப்ப இது நம்ம சர்க்காரு. இந்தக் கதவு உங்களுக்கு எவ்வளவு சொந்தமோ, எனக்கும் அவ்வளவு சொந்தம். ஒதுங்குங்க!"

கோட்டுக்காரரின் முகம் சிவந்துவிட்டது. "எதையாவது தொட்டு உடைச்சு வைக்கப் போறாங்க. யாராவது ஒரு கண் வச்சுக்குங்கப்பா!" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

அஞ்சுகமும் போனாள். தலையை நிமிர்த்திக்கொண்டு, பூவாயியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

அவள் வந்ததே ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ளத்தான். அவள் வீட்டுக்காரர் வாலிபத்தில் ஒருதரம் பட்டணம் வந்து போனவர். "அங்க ஒரு மீனோட எலும்பை வச்சிருக்கான். நம்ம கட்டுமரத்தை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நாலஞ்சு நிறுத்தினாலும் அந்த நீளம் வராது" என்று கரையில் சொல்லப் போக, அன்றையிலிருந்து அவருக்குப் 'புளுகன்' என்று பேர் விழுந்துவிட்டது. ராயபுரத்தில் தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்தவள், முகூர்த்தம் முடிந்த மறுநாளே அந்த எலும்பைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டாள்.

இரண்டு கூடம் தாண்டியிருப்பார்கள். பூவாயி காதைக் கடித்தாள்.

"அண்ணி, திரும்பாதீங்க. ஒரு ஆளு நம்ம பின்னாடியே வர்றாரு."

அஞ்சுகம் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான், தலையில் தொப்பி. கோட்டுக்காரர் சொல்லி வைத்த காவல் என்று பார்த்ததுமே முடிவு கட்டினாள்.

"வரட்டும்டி. எத்தனை தொப்பியைப் பார்த்திருக்கேன்."

வெண்கல நடராசர் முன்னால் நின்றார்கள். அந்த ஆளும் நின்றார். ராஜாக்களின் படங்கள் மாட்டியிருந்த சுவருக்கு நகர்ந்தார்கள். அவரும் நகர்ந்தார். பூவாயிக்குப் படம் ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

அடுத்த கூடத்தில் நுழைந்ததும் அஞ்சுகம் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளை வெளேரென்று ஒரு எலும்புக்கூடு. திமிங்கலம்! ஒவ்வொரு விலா எலும்பும் படகுக்கு உள்ளே வைக்கிற வங்குக் கட்டை மாதிரி வளைந்து நின்றது. அதன் வாய்க்குள் ஒரு குடிசையே கட்டலாம்.

"பூவாயி! ஒங்க அண்ணன் பொய் சொல்லலடி!"

அந்தக் கத்தலில் கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அஞ்சுகம் கவலைப்படவில்லை. கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். ஊருக்குப் போனதும் கரையில் நடுவாக நின்று யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கை எட்டும் தூரத்தில் அதே தொப்பி.

அவ்வளவுதான். பொங்கிவிட்டாள்.

"ஏன்யா, நீயும் மனுசன்தானே? வந்ததிலேருந்து நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டு வர்ற! நாங்க எதைத் தொட்டோம்? எதை எடுத்தோம்? இந்தா, பையை வேணும்னா கொட்டிக் காட்டவா? அந்தக் கோட்டுக்காரர் சொன்னா, எங்களுக்குக் காவல் நிப்பியா?"

அந்த ஆள் பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றினார். உள்ளே பாதி நரைத்த தலை.

"ஐயையோ, மெதுவாம்மா, மெதுவா! நான் இங்கே காவல்காரன் இல்லம்மா."

"அப்ப யாரு?"

"அந்தக் கோட்டுக்காரரோட கார் டிரைவர்."

அவர் திமிங்கலத்தை அண்ணாந்து ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஐயாவை இங்கே கொண்டாந்து விட்டு, வருஷக்கணக்கா மரத்தடியிலேயே நின்னுட்டுத் திரும்பறேம்மா. இதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்லைன்னு நெனைச்சிருந்தேன். இன்னிக்கு நீ வாசல்ல போட்ட சத்தத்துலதான் எனக்கும் சொந்தம்னு தெரிஞ்சுது. தனியா வரக் கூச்சமா இருந்துச்சு... ஒன் பின்னாடியே வந்தா யாரும் தடுக்க மாட்டாங்கன்னு ஒரு தைரியம்மா, அதான்!"