மேல் வீட்டுச் சத்தம்

"தம்பி, இந்த ஹீட்டரை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. இப்ப வைகாசி எண்டபடியால் நல்ல பிள்ளை மாதிரி நிக்குது. மாசியில வந்து பாருங்கோ. சூடு வராது, விடிய விடிய இருமல்தான் வரும்."

பேரின்பநாதன் ஹீட்டரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். வீடு பார்க்க வந்திருந்த அனுஜனும் நிருஷாவும் பணிவாகத் தலையாட்டினார்கள். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் வாடகைக்கு வீடு தேடிக் களைத்துப்போன இளம் தம்பதி. அவனுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை.

"நீங்கள் சும்மா இருங்கோப்பா," என்றபடி அவரின் மனைவி இந்திராதேவி பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்தார். "வந்த பிள்ளையளை முதல்ல இருக்கச் சொல்லத் தெரியாதோ?"

விஷயம் இதுதான். மகன் ரதீசன் நகரின் கோடியில், ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கி, கீழ்த்தளத்தைத் தாய் தகப்பனுக்கென்று திருத்திப் பெயின்றும் அடித்துவிட்டான். ஜூலை பிறப்பதற்குள் இந்த வீட்டின் லீஸை யாராவது பொறுப்பெடுத்தால் இருவரும் அங்கே போய்விடலாம். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இங்கேதான். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் பேரின்பநாதனின் பேச்சைக் கேட்டுவிட்டு, பிறகு சொல்கிறோம் என்று போனவர்கள்.

"ஹீட்டர் பரவாயில்லை அங்கிள்," என்றான் அனுஜன். "நாங்கள் இப்ப இருக்கிற பேஸ்மென்றில ஹீட்டரே வேலை செய்யிறேல்ல. ஜாக்கெட்டோடதான் படுக்கிறனாங்கள்."

பேரின்பநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. கீழ உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஒண்டு நிக்குது. சோடியாச் சொக்ஸ் போட்டால் ஒண்டுதான் திரும்பி வரும். லிஃப்ட் வியாழக்கிழமையில ஓடாது. ஏனெண்டு கேளாதேங்கோ, அது ஆண்டவனுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு பொன்ஜூர் சொன்னால் மூஞ்சையைத் திருப்புவான். பனி விழுந்தால் பனி அள்ளுற வண்டி விடியப்புறம் வந்து ஊளையிடும். காரை எடுக்க ஓடவேணும்."

"எங்களிட்டக் கார் இல்லை," என்றாள் நிருஷா சந்தோஷமாக. "மெட்ரோ கிட்ட எண்டுதான் இந்த வீட்டைப் பாக்க வந்தனாங்கள்."

"மெட்ரோவோ! அங்க எஸ்கலேற்றர் ஓடி நான் கண்டதில்லை."

"ஏறி இறங்கினால் உடம்புக்கு நல்லதுதானே அங்கிள்."

இந்திராதேவி கணவனை முறைத்தார். "பிள்ளையள், குறை நினையாதேங்கோ. இவர் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்க கதிரை ஆடுது எண்டுதான் சொல்லுவார். நீங்கள் ரோல்ஸ் எடுங்கோ."

அந்த நேரம் பார்த்து மேலே 'டொம் டொம்' என்று கேட்டது. சீலிங் விளக்கு இலேசாக ஆடியது. பேரின்பநாதன் சுட்டுவிரலை மேலே நீட்டினார்.

"கேட்டியளோ? அக்னெஸ் எண்டு ஒரு மனுசி, மன்னார் ஆள். தனி ஆள்தான், ஆனால் ஒரு ஊர்வலமே போறமாதிரி நடப்பா. அங்க பாருங்கோ, விளக்குமாத்துக் கட்டையால தட்டித் தட்டி சீலிங்கே குழி விழுந்துபோச்சு."

சீலிங்கில் மெய்யாகவே குழி இருந்தது. மேலே சத்தம் இன்னும் பலத்தது.

நிருஷா அண்ணாந்து பார்த்தாள். "இவர் இரவு வேலைக்குப் போனால் நான் தனிய. மேல ஆள் நடமாட்டம் இருந்தால் பயமில்லை."

"நாங்கள் எடுக்கிறம் அங்கிள்," என்றான் அனுஜன். "இண்டைக்கே சைன் வைப்பமோ?"

பேரின்பநாதன் அறையைச் சுற்றிப் பார்த்து இன்னொரு குறை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கே குறைகள் தீர்ந்துபோன நாள் அதுதான். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

இந்திராதேவி பெருமூச்சு விட்டு, நிருஷாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்களைப் பாத்தால் எனக்கு மறைக்க மனம் வருகுதில்லை பிள்ளை. மூட்டைப்பூச்சி இருக்கு. மருந்தடிச்சுப் பாத்தாச்சு. போனமாதிரி இருக்கும், பேந்து வரும். நீங்கள் இருக்கிற சோபாவிலதான் கூட."

மொன்றியலில் வீடு தேடுகிறவர்களிடம் வீட்டில் பேய் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். இதைச் சொல்லக்கூடாது. நிருஷா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள். அனுஜன் கடித்த ரோல்ஸை மெதுவாகத் தட்டில் வைத்தான்.

"பேந்து கோல் எடுக்கிறம் அன்ரி."

"அடுத்த தெருவில சிவராசா அண்ணையின்ர கட்டடத்தில ஒரு வீடு வெறுமையாகுது. நல்ல சுத்தம். நான் அனுப்பினது எண்டு சொல்லுங்கோ," என்று இந்திராதேவி வாசல்வரை போய் வழியனுப்பினார்.

கதவு சாத்தியதும் பேரின்பநாதன் சோபாவைச் சந்தேகத்தோடு பார்த்தார். "மூட்டைப்பூச்சி எப்ப வந்தது?"

"இப்பத்தான். உங்கட லிஃப்டையும் சொக்ஸையும் நம்பியிருந்தால் வாற மாதம் ரொக்ஸ்பரோவில எல்லோ நிப்பம்."

பேரின்பநாதன் தலை குனிந்தார். "அங்க ஹீட்டரும் இருமாதாம்."

"எல்லாம் திறமாத்தான் இருக்காம். மகனும் மருமகளும் விடிய வேலைக்குப் போனால், பொழுதுபடுமட்டும் நாங்கள் ஆரோட இருந்து குறை சொல்லுறது? எனக்கு விசர்தான் பிடிக்கும்."

இந்திராதேவி தொலைபேசியை எடுத்தார். "மகன், இண்டைக்கு வந்த பிள்ளையளும் எடுக்கேல்லயப்பு. அப்பாவும் நானும் எங்களால ஏலுமானமட்டும் சொல்லிப் பாத்தம்."

பிறகு அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மூலையில் நின்ற விளக்குமாற்றை எடுத்து, கட்டையால் சீலிங்கில் வழமையான குழியிலே தட்டினார்.

மேலே சத்தம் உடனே நின்றது. கொஞ்ச நேரத்தில் அக்னெஸ் தன் கோப்பையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, வழமையாக இருக்கும் கதிரையில் இருந்து முழங்காலைத் தடவினார்.

"வந்த ஆக்கள் போட்டினமோ? உங்களுக்காகக் குதிச்சு என்ர கால் போச்சு. அடுத்த ஆக்களையாவது ஒரு கிழமை கழிச்சு வரச்சொல்லுங்கோ!"