கரைக்கு ஒரு ஆள்

தறிக்கூடத்தில் 'தடால்' என்று ஏதோ விழுந்தது. கொதிக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு வடிவாம்பாள் ஓடினாள்.

நீட் தேர்வில் மார்க் குறைவு. இருந்தும் மகள் யாழினி டாக்டர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இன்று காலை வந்த கடைசிப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. அவள் அப்பா மாணிக்கவாசகமோ பிள்ளையார்பாளையம் முழுக்க, "எம்பொண்ணு டாக்டரு" என்று சொல்லி வைத்திருந்தார். இனி அந்தத் தெருவில் பெண் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாததுதான் வடிவாம்பாளைப் பயமுறுத்தியது.

"அவ மேல இருந்து கண்ணை எடுக்காதீங்க" என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். நல்லவேளை, தறியில் கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை. கரைக்கான நூல் நாடாவை வீச இன்னொரு ஆள் வேண்டும். யாழினி தானாகவே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விழுந்தது தண்ணீர்ச் செம்புதான். மாணிக்கவாசகம் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வடிவாம்பாள் மகளை வெளியே இழுத்து வந்தாள்.

"வாய் விட்டு அழுதுடுமா. மனசுக்குள்ளயே வச்சிக்கினு இருக்காத."

"எனக்கு என்னம்மா? அடுத்த வருஷம் எழுதுவேன். இல்லன்னா நர்சிங் இருக்குது."

"பொய் சொல்லாத. அப்ப ஏன்டி காலையில சாப்பிடக்கூட எழுந்து வராம தறியிலயே கிடக்கற?"

யாழினி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"காலையிலேர்ந்து அப்பா என்கிட்ட, 'இனிமே அம்மாவை நீதான் பாத்துக்கணும்'னே சொல்லிக்கினு இருக்காரும்மா!"