நடிக்காத காட்சி

பிசியோதெரபி அறையின் பச்சைத் திரைச்சீலை வழியே வடிகட்டிய வெயில், கட்டிலில் குப்புறப் படுத்திருக்கும் பழைய நகைச்சுவை நடிகரின் முதுகில் விழுகிறது. அவர் இடுப்பில் ஒத்தடப் பையை வைத்துவிட்டு, நர்ஸ் தன் செல்போனில் அவருடைய நாற்பது வருடத்துக்கு முந்தைய தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கிறாள். மாப்பிள்ளையாக வரும் அவர் உட்காரப் போகும்போது மாமனார் நாற்காலியை இழுக்கிறார். மாப்பிள்ளை மல்லாக்க விழுகிறார். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். "எத்தனை தடவை பாத்தாலும் வயிறு வலிக்குது சார். எப்படி இவ்ளோ தத்ரூபமா விழுந்தீங்க?" "நான் எங்க நடிச்சேன்மா? நாற்காலியை இழுக்கப் போறாங்கன்னு என்கிட்ட யாருமே சொல்லல. அன்னிக்குப் போன இடுப்புதான் இது." அவள் கை வாயைப் பொத்துகிறது. தலையணையில் கன்னம் அழுந்த, ஒரு 'ஐயோ'வுக்காக அவர் காத்திருக்கிறார். விரலிடுக்கில் சிரிப்பு பீறிடுகிறது. "அதான் சார்! அதான் இன்னும் சலிக்கவே இல்ல!" பக்கத்து அறையைப் பார்த்துக் கத்துகிறாள். "இங்க வாங்கடி, இவரு நிஜமாவே விழுந்தாராம்!" காட்சியைப் பின்னுக்குத் தள்ளி, விழுகிற முகத்தில் நிறுத்துகிறாள். நான்கு பேர் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அவரும் மெல்லக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். வாய் கோணி, கண் பிதுங்கிய இருபத்தெட்டு வயது முகம். அடக்க முடியாமல் அவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரிக்கச் சிரிக்க வலியில் உயிர் போகிறது.