முட்டைக் காபி குடிக்க வந்தவள்

வந்திருந்த பெண் காபிக் கோப்பையைத் தட்டில் கவிழ்க்கப் போனதைப் பார்த்ததுமே லுவா அவள் மேசைக்கு வந்துவிட்டாள். காபியைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடிப்பது தெற்கத்திக்காரர்களின் பழக்கம். ஹனோயில் அப்படிக் குடித்து அவள் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். அவள் புருஷன் வின்.

“ஊத்தாதீங்க அக்கா, விழாது. மேல இருக்கிற நுரையை முதல்ல கரண்டியால எடுத்துச் சாப்பிடுங்க” என்றாள் லுவா.

வந்தவள் வெட்கத்தோடு சிரித்தாள். ஒரு கரண்டி நுரையை நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பச்சை முட்டை வாடை அடிக்கும் என்று பயந்துகொண்டேதான் கேட்டாளாம். இது பாலாடை மாதிரியல்லவா இருக்கிறது என்றாள். அடியிலிருந்த காபியின் கசப்பு தொண்டைக்கு வந்தபோது இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

வெளியே தூறல். கோப்பை ஆறாமலிருக்க அதை ஒரு வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்திருந்தாள் லுவா. குளிரில் விறைத்த விரல்களால் அந்தப் பெண் கிண்ணத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

போர் நின்று ரயில் ஓட ஆரம்பித்த பிறகு தெற்கிலிருந்து ஊர் பார்க்க வருகிறவர்கள் அதிகம். தானும் ஊர் நடுவே இருக்கும் ஏரியைப் பார்க்க வந்ததாகத்தான் இவளும் சொன்னாள். லுவாவும் நம்பியிருந்தாள், அந்த விரலைப் பார்க்கும் வரை. தேங்காய் வெட்டும்போது சுண்டுவிரலைப் பறிகொடுத்தவளைப் பற்றி வின் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் தெற்கில் விட்டு வந்த முதல் மனைவி, குயென்.

வின் எதையும் மறைத்ததில்லை. நாடு இரண்டாகப் பிரிந்தபோது, இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பிக் கப்பலேறி வடக்கே வந்தவர். இரண்டு வருடம் இருபது வருடமாயிற்று. ஊரில் ஒருத்தி இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா தெரியாது என்று சொல்லித்தான் லுவாவைக் கட்டிக்கொண்டார். போர் முடிந்ததும், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பையைக் கட்டிக் கொடுத்ததும் லுவாதான்.

போனவர் திரும்பவில்லை. ஒரு தகவலும் இல்லை. குயென் உயிரோடு இருக்கிறாள், அதனால்தான் அவர் வரவில்லை என்று லுவா தனக்குத்தானே முடித்துக்கொண்டாள். யார் மூலமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடுமே.

பிள்ளையும் இல்லாத வீடு. வீட்டின் முன்னறைதான் கடை. சாயங்காலம் கடைசி ஆள் எழுந்து போன பிறகும் லுவா உடனே கோப்பைகளைக் கழுவமாட்டாள். யாரோ இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று மேசையிலேயே விட்டுவைப்பாள்.

இப்போது அந்த முதல் மனைவியே எதிரில் உட்கார்ந்திருந்தாள். மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் கண் அங்கே போய்த் திரும்பியது. மேல்வீட்டுக்காரர் இறங்கித் தெருவுக்குப் போனார். அவரைக்கூட விடாமல் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய வின்னின் பழைய தொப்பியைப் பார்த்தாள், உள்ளறைத் திரையைப் பார்த்தாள். தன் புருஷன் இத்தனை வருடம் குடியிருந்த வீட்டை அளவெடுக்கிறாள் என்று தோன்றியது லுவாவுக்கு. அந்தத் தொப்பியைக் கழற்றி வைத்திருக்கலாம் என்று கூச்சமாக இருந்தது.

“எங்க வீட்டுக்காரர் இந்தக் காபியைப் பத்தித்தான் பேசுவாரு. வீட்டுல முட்டையை அடிச்சு அடிச்சுப் பாத்தாரு, நுரை நிக்கவே இல்ல” என்றாள் குயென்.

“மஞ்சக்கருவை மட்டும் தனியா எடுக்கணும். அவருக்கு ஏது அந்தப் பொறுமை” என்று சொல்லிவிட்டு லுவா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

குயென் ஆச்சரியப்படவில்லை. கரண்டியால் நுரையை மெல்ல ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஆக, யார் கடை என்று தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

இப்படி ஒரு நாள் வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று லுவா படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்து வைத்திருந்தாள். ஆனால் எதிரில் இருந்தவளின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தனக்கு முன்பே, தன்னைவிட அதிக நாள் அதே மனிதருக்காகக் காத்திருந்தவள்.

லுவா உள்ளே போய் இன்னொரு முட்டையை உடைத்தாள். சர்க்கரை போட்டு, கை ஓயும்வரை அடித்தாள். நுரை வெண்ணெய் நிறத்துக்கு வந்தபோது மனதும் ஒருவாறு அடங்கியிருந்தது. இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்து குயென் முன்னால் வைத்துவிட்டு, தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல அக்கா. நீங்க இருபது வருஷம் தனியா இருந்தவங்க. அவரு உங்களோட இருக்கிறதுதான் நியாயம். மழையில நனைஞ்சா அவருக்கு இருமல் நிக்காது. அதை மட்டும் பாத்துக்குங்க.”

குயெனின் கரண்டி பாதியில் நின்றது. அவள் லுவாவின் முகத்தையே பார்த்தாள். கையை நீட்டி லுவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போன வருஷமே உன்கிட்ட திரும்பிப் போறேன்னு கெளம்பிட்டாரே, தங்கச்சி.”