திரையை மூடினால் விழும்

திவாகரன் கதவுவரை போய்விட்டான். "தம்பி, எங்க போறீங்க? இரிங்க, இரிங்க" என்று நல்லரத்தினம் முதலாளி ஓடிவந்து, தோளைப் பிடித்து அவனைத் திரும்பவும் கதிரையில் அமர்த்தினார்.

கதவுக்குப் பூட்டும் இல்லை, காவலும் இல்லை. ஆனாலும் பதின்மூன்று நாளாக அவன் அந்தத் தகரக் கொட்டிலைவிட்டு முழுசாக அரை மணி நேரம் வெளியே நின்றதில்லை. சாப்பாட்டுப் பார்சல் அங்கேயே வரும். படுப்பதும் மேசைக்குக் கீழேதான், கணினியின் வெளிச்சம் முகத்தில் அடிக்க அடிக்க. பேச்சுத்துணைக்கு இருந்தவன் இறாலுக்குத் தீன் போடும் நளீர்; அந்த வேலைக்கு மெசின் வந்த மாதமே முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வாவிக்கரையில் முதலாளிக்கு ஆறு இறால் குளங்கள். தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் குளத்தைக் கலக்கிக் காற்றேற்றும் சக்கரங்களைச் சுழலவிடுவது திவாகரன் எழுதிய புரோகிராம். சக்கரம் ஒரு மணி நேரம் நின்றால் போதும், இறால் முழுக்கச் செத்து மிதக்கும்.

அந்தப் பாழாய்ப்போன புரோகிராமோ அவன் முன்னால் இருக்கும்வரை சமர்த்தாக ஓடும். அவன் எழுந்து போன பத்து நிமிடத்தில் விழுந்துவிடும். அவனுடைய கைராசி அப்படி என்று சொல்லிச் சொல்லியே முதலாளி அவனைக் கட்டிப்போட்டுவிட்டார்.

களுதாவளையில் வீட்டில் இருக்கும் மனைவி கேதீஸ்வரிக்கு எட்டாம் மாதம். கிளினிக்குக்குத் தனியாகப் போய்வருகிறாள். எப்போது வருவீர்கள் என்று தினமும் போனில் கேட்பாள்; அவனுக்கு அழுகையே வந்துவிடும். வீட்டில் உழைக்கிறவன் அவன் ஒருவன்தான், வேலையை உதறிவிட்டு ஓடவும் முடியாது.

லீவு கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டான். முதலாளியிடம் கோபமே கிடையாது, குரல் தேனாக இருக்கும். "இது ஒருக்கா சரிவரட்டும் தம்பி. பிறகு நீங்க ஏன் இஞ்ச கிடந்து கஷ்டப்படணும்? மனுசியோட போய் ஆறுதலா இரிங்க."

அன்று முதலாளி வாழைச்சேனைக்குப் போன பிறகு, மத்தியானம் பார்சலைப் பிரிக்கும்போதுதான் திவாகரனுக்குப் பொறிதட்டியது. எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் அவன் என்ன செய்கிறான்? ஒழுங்கான பிள்ளையாக, அளவுகள் ஓடும் திரையை மூடிவிட்டல்லவா போகிறான்.

புரோகிராமை அவன் ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தான். நினைவகத்தில் யாரும் பாவிக்காத இடங்களை அந்த மொழியே கூட்டிப் பெருக்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். தண்ணீரை அளக்கும் கருவியின் பகுதி மட்டும் சீ என்ற இன்னொரு கணினி மொழியில். ஹாஸ்கெல் ஒதுக்கிக் கொடுத்த ஓர் இடத்தில் அது அளவுகளை எழுதிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த இடம் சீயின் கையில் இருப்பது, கூட்டுகிறவனான ஹாஸ்கெலுக்குத் தெரியாது.

திரை திறந்திருக்கும்வரை அதுவும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கூட்டுகிறவன் தொடமாட்டான். மூடினால், இங்கே ஆளில்லை என்று வேறு வேலைக்கு அள்ளிக் கொடுத்துவிடுவான். சீ பழையபடி அதே இடத்தில் போய் எழுத, எல்லாம் குழம்பி விழும்.

பதின்மூன்று நாள் காவல் இருந்தது அவனல்ல, அந்தத் திரை. தன்னைத்தானே மடையன் என்று திட்டிக்கொண்டு, சீ இருக்கும்வரை இந்த இடத்தை விடாதே என்று ஒரே ஒரு வரி சேர்த்தான். புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டான், திரையை மூடினான், வாவிக்கரையில் இறங்கி நடந்தான்.

அரை மணி நேரம் போனது. ஒரு மணி நேரமும் போனது. ஆறு குளத்திலும் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. அவனுக்குச் சின்னப் பிள்ளைபோலத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

கரையில் நின்றபடியே கேதீஸ்வரிக்கு அழைப்பெடுத்தான். பிழையைக் கண்டுபிடித்ததையும், முதலாளி வந்ததும் சொல்லிவிட்டுப் பின்னேர பஸ்ஸைப் பிடிக்கப்போவதையும் மூச்சுவிடாமல் சொன்னான். அவள் சந்தோசத்தில் அழுதேவிட்டாள்.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்டாள். "எத்தின நாள் லீவு?"

"லீவெண்டு இல்ல. சரிவந்தா வீட்ட போய் ஆறுதலா இருக்கச் சொன்னவர்."

"திரும்ப எப்ப வரச் சொன்னவர்?"

திவாகரன் யோசித்துப் பார்த்தான். பதின்மூன்று நாளும் முதலாளி சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப நினைத்துப் பார்த்தான். "அது ஒண்டும் சொல்லல்ல."

"நளீரையும் திரும்ப வரச் சொல்லல்லத்தானே?" என்று அவள் கேட்டாள். பிறகு கேதீஸ்வரி மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப முதலாளியிட்ட இன்னும் சரிவரல்ல எண்டு சொல்லுங்க."